வண்டி திரும்புமிடம்

கண்டியில் பேருந்து நிலையம் எங்கே என்று கேட்டால், எந்த நிலையம் என்று திருப்பிக் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் பேரூராட்சிகளில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, ஒரு பேருந்தைக் கண்டுபிடிக்க அடுத்தவர் தயவு எதற்கு? பலகையில் ஊர்ப்பெயர் மூன்று மொழிகளிலும் இருந்தது. தமிழும் ஆங்கிலமும் இருந்த பக்கத்தில் மட்டும் ஒரு முருகன் படத்தை ஒட்டியிருந்தார்கள். அதனால் என்ன, எண்ணைப் பார்த்து ஏறிக்கொண்டேன். எண் எனக்குச் சரியாக நினைவில் இல்லை என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

இறங்கிய இடம் மடவளை. நான் போக வேண்டியது ஹேவாஹெட்ட பாதையில் உள்ள ஒரு சிறிய டவுனுக்கு.

பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. தொப்பி போட்ட கடைக்காரர் என் பையையும் முகத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்க போகோணும் ஒங்களுக்கு?"

ஊர்ப்பெயரைச் சொன்னேன்.

"யா அல்லாஹ்! அது கண்டிக்கி அந்தப் பக்கம் தானே. நீங்க இந்தப் பக்கம் வந்தீக்கிற." பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பரவாயில்ல, ஒரு டீ குடிங்கொ. வழி தவறி மடவளைக்கி வாறவங்க ஒருக்காவோட நிப்பாட்ட மாட்டாங்க. மறுவா ஒரு நாளைக்கி வாற தான்" என்றார்.

இனி இந்தப் பக்கம் வருவதற்கு எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். டீ என்று கேட்டதற்குப் பால் இல்லாத, கறுத்த ஒன்று வந்தது. இலங்கையில் பால் வேண்டுமென்றால் பால் டீ என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இப்படி முதல் நாள் முழுவதும் எதைக் கேட்டாலும் நான் நினைத்தது வராமல் வேறொன்று வந்துகொண்டிருந்தது.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தை மகள் சரசு அந்த டவுனின் விளிம்பில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது என் அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி இந்தியாவுக்கு வந்துவிட்டார். அத்தை இங்கேயே இருந்துவிட்டாள். அந்தப் பயணத்தில் என் நினைவில் நிற்பது நான் வாந்தி எடுத்தது மட்டுமே. அதனால் யாரும் இந்தக் கட்டுரையில் கண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம். சரசுவும் நானும் கைப்பேசி வந்த பிறகு உறவானவர்கள். போன மாதம் அவள் பேசினாள்.

"மச்சான், நீங்க இந்தியாவுல டவுனையே நடத்துனவரு தானே? இங்க வந்து எங்க வீடு எந்த டவுன்ல இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு வேடிக்கையில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து, இரண்டு உளுந்து வடை தின்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கையைக் கழுவிவிட்டு, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கடை நடத்துவதாக அறிவித்தல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். குறித்த வெள்ளிக்கிழமைக்குள் பத்திரம் இல்லையென்றால் கடையை மூட வேண்டும். நம் ஊரில் அதற்கு உரிமம் என்று பெயர். பெயர்தான் வேறு, கிடைக்காத விதம் ஒன்றே. டவுனுக்கும் அதற்குக் கீழே உள்ளதற்கும் ஒரு பிரதேச சபை, அதாவது நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி; மலைக்கு மேலே இன்னொரு பிரதேச சபை. சரசு இரண்டுக்கும் விண்ணப்பித்தாள். இரண்டும் 'எமது எல்லைக்கு உட்பட்டதல்ல' என்று திருப்பி அனுப்பிவிட்டன. புருஷன் போன பிறகு பதினோரு வருடமாக அவளுக்கு அந்தக் கடைதான் எல்லாம்.

ஓய்வு பெற்ற இரண்டு ஆண்டுகளில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மறுநாளே கிளம்புவதற்கான வேலையைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பொழுது சாயும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தேன். செவ்வாய் காலை இடியப்பம். நம் ஊரில் ஒரு தட்டில் இரண்டு வைத்துவிட்டு இன்னும் வேண்டுமா என்று கேட்போம். இங்கே அடுக்காக வைத்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிறார்கள். தேங்காய்ச் சம்பலும் பருப்பும் முடிந்தபோது நான் எழுந்து நிற்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு இடத்தைப் பார்வையிட்டேன். எந்தக் கோப்பையும் திறக்கும் முன் இடத்தைப் பார்ப்பது என் வழக்கம். டவுன் என்பது ஒரு வளைவு. வளைவில் ஒரு வரிசைக் கடைகள், ஒரு விகாரை, ஒரு பள்ளிவாசல், ஒரு மாரியம்மன் கோயில், கடிகாரம் இல்லாத ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். வளைவிலிருந்து தோட்டப் பாதை ஒன்று மேலே ஏறுகிறது. அந்தப் பாதையில் ஒரு பெரிய பலாமரம். அதையும் தாண்டி ஐம்பது அறுபது கஜம் போனால் சரசுவின் வரிசை. ஏழு வீடுகள், முதல் வீட்டின் முன்பாகம் கடை. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை விட்டு வெளியே வந்தவர்கள், பாதைக்கும் தேயிலைக்கும் நடுவே கிடந்த கீற்று நிலத்தில் கட்டிக்கொண்டவை.

எட்டு மணிக்கு ஒரு டிராக்டர் குப்பை இழுவைப் பெட்டியோடு ஏறி வந்தது. கீழ் சபையின் வண்டி. பலாமரத்தடி வரை வந்து, முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை முட்டி மோதி, மரத்தில் ஒரு இடி இடித்து, திரும்பியது. வரிசைப் பெண்கள் அதற்குள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓட்டுநர் நிமல் சிங்களத்தில் ஏதோ கத்தினார்.

"என்ன சொல்கிறார்?" என்று சரசுவைக் கேட்டேன்.

"'அக்காமாரே, நான் மரத்த இடிக்கிறதுக்குள்ள வந்துருங்க'ங்கிறாரு. வாரத்துக்கு ரெண்டு தரம் இதே பேச்சுத்தான்."

கடைக்குத் திரும்பி டவுனின் வரலாற்றை விசாரித்தேன். சாப்பிட வந்த ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னதைக் கூட்டிக் கழித்து நான் புரிந்துகொண்டது இது. காப்பித் தோட்டக் காலத்தில் மலையிலிருந்து மூட்டை இறக்கிய மாட்டுவண்டிகள் தண்ணீர் காட்ட நின்ற இடம்தான் இந்த வளைவு. வண்டிக்காரர்களுக்குச் சோறு விற்க ஒரு கடை வந்தது. சக்கரத்துக்குப் பட்டை அடிக்க ஒரு பட்டறை வந்தது. சாணம் சேர்ந்தது, ஈ சேர்ந்தது. ஈயை விரட்ட வெள்ளைக்காரன் ஒரு சுகாதாரச் சபை வைத்தான். அது பிறகு பட்டின சபையானது. பட்டின சபையைக் கலைத்துப் பிரதேச சபையில் கரைத்துவிட்டார்கள். நடுவில் இன்னொரு சபையும் வந்து போனதாம். அது என்ன செய்தது என்று ஆறு பேருக்குமே தெரியவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மூன்று குடும்பம் ஒரே இடத்தில் குப்பை போடத் தொடங்கினால் அங்கே ஒரு ஊராட்சி பிறந்துவிட்டது என்று பொருள். என் பணிக்காலத்தில் நான் கற்றுக்கொண்ட உள்ளாட்சித் தத்துவம் இவ்வளவுதான்.

புதன்கிழமை சரசுவோடு அலுவலகங்களுக்குப் போனேன். கீழ் சபைக்கு டவுனிலேயே ஓர் உப அலுவலகம் இருக்கிறது. பழைய பட்டின சபைக் கட்டடத்தில், நூலகத்துக்கும் ஆயுர்வேத மருந்தகத்துக்கும் நடுவில். தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வேலை நிமித்தம் இங்கே மாற்றலாகி வந்தவர்.

"ஓம் ஐயா, வாங்கோ. உந்தக் கதிரையில இருங்கோ" என்றார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்த பிறகு அவர் முகத்தில் கவலை தெரிந்தது. ஓய்வு பெற்ற அதிகாரி எதிரே வந்து உட்கார்ந்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

சுவரில் எல்லை வரைபடம் தொங்கியது. எல்லையை யாரோ தடித்த சிவப்புப் பேனாவால் இழுத்திருந்தார்கள். சரசுவின் வரிசையைத் தேடினேன். பலாமரம் இருக்க வேண்டிய இடம் தெரிந்தது, மேலே தேயிலை மலை தெரிந்தது. நடுவில் சிவப்பு மை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஏழு வீடுகளும் கோட்டுக்குள் இருந்தன. சபைக்குள் இல்லை. கோட்டின் தடிப்புக்குள்.

"இந்தக் கோட்டின் எந்த விளிம்பு எல்லை?" என்று கேட்டேன். "மேல் விளிம்பா, கீழ் விளிம்பா?"

சிவநேசன் எழுந்து போய்க் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "ஐயா, நான் வந்து நாலு வருசம். இந்தக் கேள்விய இண்டைக்குத்தான் ஒராள் கேக்கிறார்."

"யார் வரைந்தது?"

"கோடு கீறினது நாங்கள் இல்லை. பழைய பட்டின சபைக்கு என்ன எல்லையோ அதுதான் இப்பவும் எல்லை. அதை விவரிச்ச கடதாசி எங்களிட்ட இல்லை. கட்டடத்துக்கு ஒருக்கா மழைத்தண்ணி வந்திட்டுது. அந்தக் கடதாசியைக் கொண்டு வாங்கோ, நான் செவ்வாய்க்கிழமை இடத்துக்கு வந்து பாக்கிறன். பாத்ததை எழுதித் தாறன்."

அதை எழுத்தில் கேட்டேன். நானே ஒரு மனு எழுதி, இடப் பார்வைக்கு வேண்டி, நகல் எடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டேன். சரசு வியப்போடு பார்த்தாள். எனக்கும் நெடுநாளைக்குப் பிறகு கைக்கு வேலை கிடைத்த திருப்தி.

மேல் சபைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். வழியில் சோற்றுப் பார்சல் வாங்கி மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கருவாட்டு முள்ளையும் பேருந்தின் வளைவுகளையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் வித்தை சரசுவுக்குத் தெரிந்திருந்தது. மேல் சபையின் வரைபடத்தில் கோடு பச்சை நிறம், மெல்லியது, மிக அழகானது. சரசுவின் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அங்கிருந்த அம்மையார் சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னதை சரசு மொழிபெயர்த்தாள்:

"டவுன் முடியிற எடத்துல இருந்துதான் இவங்க எல்ல தொடங்குதாம். ஆனா அங்க இருக்கிறது எல்லாம் தோட்டக் காணியாம். தொரை கடுதாசி குடுத்தாத்தான் இவங்க கைய வைப்பாங்களாம்."

"தோட்ட மேலாளரைக் கேட்டாயா?"

"கேட்டேனே. அது எங்க காணி இல்லன்னு தொரை சொல்லிட்டாரு. வாயாலதான் சொன்னாரு. அதையும் எழுதித் தர மாட்டாராம்."

ஆக, வரிசை தன்னுடையதல்ல என்று மூன்று தரப்பும் சொல்கின்றன. அதை எழுதித் தர ஒரு தரப்புக்கு மனமில்லை. திரும்பி வரும் பேருந்தில் நான் என் குறிப்பேட்டில் ஒரு படம் போட்டுப் பார்த்தேன். இறங்கும்போது அது எனக்கே விளங்கவில்லை.

பட்டின சபையில் கடைசியாகத் தலைமை எழுதுவினைஞராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த பாரூக் ஹாஜியார் இன்னும் இருக்கிறார் என்று சிவநேசன் சொல்லியிருந்தார். பழைய கடுதாசிகளைப் படி எடுத்து வைத்திருக்கும் ஆளாம். அவர் இருப்பது மடவளையில். வியாழக்கிழமை, இந்த முறை மூன்று பேரைக் கேட்டுவிட்டு, சரியான பேருந்தில் மடவளைக்குப் போனேன். தேநீர்க் கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார். நான் கேட்காமலேயே பால் டீ கொண்டுவந்து வைத்தார். ஹாஜியாரின் வீடு அவர் கடைக்குப் பின்னாலேயே இருந்தது.

எண்பதைத் தாண்டிய மனிதர். நான் பதவியைச் சொன்னதும், "அப்ப நீங்களும் நம்மட ஆள்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அலுமாரியைத் திறந்து, ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். சுகாதாரச் சபை தொடங்கிய நாளில் எழுதிய எல்லை விவரத்தின் தட்டச்சுப் பிரதி. வடக்கே ஓர் ஓடை, கிழக்கே விகாரைக் காணி, மேற்கே ஒரு பாறை. நான்காவது வரியை அவரே தமிழில் சொன்னார்.

"தெற்கால, தோட்டப் பாதையில வண்டி திரும்புற எடம் வரைக்கும்."

"எந்த வண்டி?"

"குப்ப வண்டி தான். அந்த நாளையில மாட்டு வண்டி. வண்டி எங்க வரைக்கும் போய்த் திரும்புமோ அங்க வரைக்கும் டவுன். அதுக்கு அங்கால குப்ப அள்ளவும் மாட்டாங்க, கேள்வி கேக்கவும் மாட்டாங்க. வெள்ளக்காரன் லேசா எழுதி வச்சிட்டுப் போன. நாங்க பட்டின சபையாகின டைம்லயும் அத மாத்த இல்ல. மாத்தப் போனா அளக்கோணும். அளக்கப் போனா சண்ட வரும்."

"உங்கள் காலத்தில் எங்கே திரும்பியது?"

"பிலா மரத்தடியில. வேற எடம் எங்க ஈக்கி?"

பிரதியைப் படியெடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அது என் சட்டைப் பையில் சுட்டது. பலாமரத்தடி என்றால் சரசுவின் வரிசை டவுனுக்கு வெளியே. கீழ் சபை இல்லை. மேல் சபை தோட்டத்தைக் காட்டும், தோட்டம் வானத்தைக் காட்டும். இத்தனை நாள் சரசுவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தத் தடித்த சிவப்புக் கோடுதான். தெளிவு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு முத்திரை வாங்கி வைத்தது நான். தாளைத் தொலைத்துவிடலாமா என்று தலாத்துஓயா என்ற ஊரைத் தாண்டும்போது ஒரு நிமிடம் யோசித்தேன். என் வாழ்நாளில் நான் ஒரு தாளையும் தொலைத்ததில்லை.

சரசுவிடம் உள்ளதைச் சொன்னேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"வண்டி திரும்புற எடம்னா எழுதியிருக்கு? பலாமரம்னு எழுதலையா?"

"இல்லை. ஆனால் திரும்புவது அங்கேதானே?"

"சரி மச்சான். கையக் கழுவிட்டு வாங்க, சாப்புடுவோம்" என்றாள். நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை போயா; கடைக்கான கெடு அதற்கடுத்த வெள்ளி. பௌர்ணமி என்பதால் நாடு முழுவதும் விடுமுறை. காலையில் மண் வெட்டும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஏழு வீட்டு ஆட்களும் வரிசையின் மேல் கோடியில் மம்பட்டியும் கடப்பாரையுமாக நின்றார்கள். பாதையோரத்து மேட்டை வெட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன வேலை?"

"குப்ப டிரெக்டர் திரும்ப எடம் பண்றோம்" என்றாள் சரசு.

எனக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் உயர்ந்துவிட்டது. "சரசு, எல்லையை இப்படி நகர்த்த முடியாது. சபைத் தீர்மானம் வேண்டும், அரசிதழில் அறிவிக்க வேண்டும், ஆட்சேபனைக்குக் கால அவகாசம் தர வேண்டும்."

"எல்லைய யாரு நகத்துறா? நாங்க மண்ணத்தான் நகத்துறோம்."

"இது யார் நிலம்? முதலில் அதைச் சொல்."

"அது தெரிஞ்சா உங்கள ஏன் மச்சான் இந்தியாவுலேர்ந்து கூப்புடப் போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். இதில் எனக்குச் சம்பந்தமில்லை என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் மதியம் வரை நின்றது. மதியம் எட்டிப் பார்த்தபோது அவர்கள் வெட்டியிருந்த இடம் கண்ணில் உறுத்தியது. அவ்வளவு இடத்தில் ஒரு ஆட்டோகூடச் சரியாகத் திரும்பாது. இழுவைப் பெட்டியோடு வரும் டிராக்டருக்கு எவ்வளவு வட்டம் வேண்டும் என்பதை நான் எத்தனை குப்பைக் கிடங்குகளுக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன்! தவறாகச் செய்யப்படும் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குக் கற்றுத்தரவில்லை. அளவு நாடாவை வாங்கி, நான்கு குச்சி நட்டு, கயிறு கட்டினேன். சனி, ஞாயிறும் வெட்டினார்கள். நானும் கூடவே நின்று, மழைநீர் ஓட ஒரு பக்கம் சரிவு வைக்கச் சொன்னேன்.

ஞாயிறு மாலை நிமல் மோட்டார் சைக்கிளில் டீ குடிக்க வந்தார். வெட்டிய வட்டத்தை நடந்து நடந்து பார்த்தார். சிங்களத்தில் அவர் சொன்னதை சரசு எனக்குச் சொன்னாள்: "ஏழு வருசமா அந்த மரத்தோட மல்லுக்கட்டுறேன். இத முன்னாலயே செஞ்சிருந்தா பெட்டியோட பின்பக்கம் இப்படியா நசுங்கியிருக்கும்ங்கிறாரு."

செவ்வாய்க்கிழமை சிவநேசன் ஆட்டோவில் வந்தார். கையில் கோப்பு, நாடா. நான் ஹாஜியாரின் தாளின் படியைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். நான்காவது வரியை இரண்டு தடவை படித்தது அவர் கண்ணில் தெரிந்தது.

அப்போது டிராக்டரின் சத்தம் கேட்டது. பலாமரத்தைத் தாண்டியது, வரிசையைத் தாண்டியது, மேல் கோடிக்குப் போய் ஒரே மூச்சில், எதிலும் இடிக்காமல், நான் கயிறு கட்டிய வட்டத்திலேயே திரும்பியது. எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் வந்ததை மறைக்கப் போவதில்லை. பெண்கள் ஓடவில்லை. அவரவர் வாசலிலேயே நின்று பைகளைக் கொடுத்தார்கள். ஏழாவது வீட்டுக் கிழவர் ஒருவர், கொடுக்க ஒன்றுமில்லாமல், ஒரு வாழைப்பழத் தோலைக் கொண்டுவந்து போட்டார்.

வண்டி இறங்கிப் போனது. சிவநேசன் மேல் கோடிக்கு நடந்தார். சிவந்த மண்ணைச் காலணி முனையால் தட்டிப் பார்த்தார். பிறகு பலாமரம் வரை இறங்கிப் போனார். மரத்தின் அடியில், இடுப்பு உயரத்தில், பெட்டி இடித்து இடித்துப் பட்டை போன இடத்தைக் கையால் தடவினார். அதிலே பால் வடிந்து காய்ந்திருந்தது. திரும்பி வந்தார்.

"மண் புதுசா கிடக்கு" என்றார்.

"இங்க மண்ணு எப்பவுமே அப்படித்தான் சார்" என்றாள் சரசு. அவள் தட்டில் வடை வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடக் கடை. கெடுவுக்கு இன்னும் மூன்று நாள்.

சிவநேசன் வடையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் என்ர இடத்தில இருந்தா என்ன எழுதுவியள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் தயாரான பதில் ஒன்று இருந்தது. சட்டப்படி சரியான பதில் அது. அதைச் சொன்னால் கோப்பு மூடிவிடும், கடையும் மூடிவிடும். ஆனால் எது சரி என்று அந்த இடத்தில் நின்றபோது எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. வண்டி எங்கே திரும்புகிறதோ அதுவரை டவுன் என்று எழுதி வைத்தவன், வண்டி ஏன் அங்கே திரும்ப வேண்டும் என்று எழுதவில்லை. மாட்டுவண்டிக்காரனுக்கும் யாரோ ஒரு நாள் மேட்டை வெட்டித்தான் கொடுத்திருப்பார்கள்.

"இடப் பார்வைக்கு இன்று வந்திருக்கிறீர்கள். இன்று பார்த்ததை எழுதுவேன்" என்றேன். "போன வாரத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் போன வாரம் வந்திருக்க வேண்டும்."

அவர் கோப்பைத் திறந்தார். பிறகு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டே எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் தாளை என்னிடம் நீட்டினார். "சாட்சிக்கு நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ ஐயா. உங்கட பதவியையும் போடுங்கோ."

வைத்தேன். பதவிக்குப் பக்கத்தில் 'ஓய்வு' என்று போட மறந்துவிட்டேன் என்பது அவர் ஆட்டோ வளைவில் மறைந்த பிறகுதான் உறைத்தது. இப்படி ஒரு விடுபாட்டுக்காக நான் பலருடைய தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வியாழக்கிழமை கீழ் சபையிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, வரிசை டவுனுக்குள் அடங்கும், அனுமதிப்பத்திரம் வரும்வரை கடையைத் தொடரலாம். கூடவே கதவில் அடிக்க ஒரு தகர இலக்கம். வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்து கடிதத்தைப் படித்தார், தலையாட்டினார், மூன்று வடை தின்றார். ஆனாலும் மேல் சபையிலிருந்து என்றைக்கு எவர் வந்து என்ன கேட்பார் என்று தெரியாததால், இந்தக் கட்டுரையில் ஊரின் பெயரைப் போட வேண்டாம் என்று சரசு சொல்லிவிட்டாள். நான் செய்தது உதவியா, மோசடியா, வெறும் பொறியியலா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. ஊர் திரும்பியபின் விதிநூலை எடுத்துப் புரட்டினேன். அதில் இதற்கு இடமில்லை.

கிளம்பும் நாள் காலை, வட்டத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க மேலே நடந்தேன். தேங்கவில்லை. அதற்கும் மேலே, பாதையின் அடுத்த திருப்பத்தில், இன்னும் நான்கு வீடுகள் இருக்கின்றன. முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். நான் திரும்பப் போகும்போது கூப்பிட்டாள்.

"சார், நீங்கதானே இந்தியாவுலேர்ந்து வந்த கமிஷனரு?"

கமிஷனர் இல்லை, செயல் அலுவலர் என்று திருத்தினேன்.

"சரிங்க. அந்த டிரெக்டர் திரும்ப எத்தன அடி வேணும்?"

பேருந்துக்கு நேரமாகியிருந்தது. சரசு கீழேயிருந்து கையசைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெண்ணிடம் அடியைச் சொன்னேன். தண்ணீர் ஓட எந்தப் பக்கம் சரிவு வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.